காலந்தாழ்ந்து மலரும் பூக்கள்

நம் நாட்டில் நான்கு பருவங்கள் இல்லை. மழையும் வெயிலும் மாறி மாறி வருகின்றன. மரங்கள் ஆண்டு முழுவதும் பசுமையாகவே நிற்கின்றன. ஆயினும், தோட்டப்புறத்தில் பிறந்து வளர்ந்தோர் இலையுதிர் காலத்தை அறவே அறியாதவர் அல்லர். ஆண்டின் தொடக்கத்தில், தைப்பூசத்தை ஒட்டிய வாரங்களில், பால்மரங்களின் இலைகள் பழுத்துச் சிவந்து உதிரும். நிரைதோறும் சருகு மெத்தை விரியும். அந்நாள்களில் மங்கில் வடியும் பால் குறையும். பால் குறைந்தால் கூலியும் குறையும். என் தாயார் பால்மரம் வெட்டியவர். அவருக்கு இலையுதிர்வு கண்ணுக்கினிய காட்சி அன்று. மளிகைக் கடையில் கடன் ஏறும் காலம்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, ஐந்தாம் ஆண்டு வகுப்பில் பருவங்களைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். சுவரில் ஓர் ஆங்கிலேயத் தோட்டத்தின் படம் தொங்கியது. பின்னணியில் மரங்கள் சிவந்து நின்றன. முன்னால் ஊதா நிறப் பூக்கள் கொத்துக் கொத்தாய் மலர்ந்திருந்தன. பின்வரிசையில் அமர்ந்து, அதுவரை வகுப்பில் வாய் திறவாதிருந்த மாணவன் ஒருவன் எழுந்து, “ஐயா, மரமெல்லாம் இலையைக் கொட்டும்போது இந்தச் செடி மட்டும் ஏன் பூக்கிறது?” என்று வினவினான். அன்று நான் கூறிய விடை சுருக்கமானது, எனக்கே நிறைவளிக்காதது. அவ்வினாவுக்குரிய முழு விடையைத் தேடிச் சென்றபோது, அது தாவரவியலோடு நிற்காமல் வரலாற்றினுள்ளும் புகுந்து, இறுதியில் என் தாயாரின் பால்வாளி வரைக்கும் என்னை இட்டு வந்தது. அவ்வழியை ஆசிரியப் பெருமக்களுக்கும் மாணவ மணிகளுக்கும் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இரவை அளக்கும் செடி

குளிர்நாட்டுத் தோட்டங்களில் பல்லாண்டுச் செடிகள் என ஒரு வகை உண்டு. இவை ஒரு முறை பூத்து மடிவன அல்ல. குளிர்காலத்தில் இவற்றின் தண்டும் இலையும் கருகிப் போனாலும், வேர் மண்ணுக்கடியில் உயிரோடிருந்து அடுத்த வேனிலில் மீண்டும் தளிர்க்கும். இவற்றுள் பெரும்பாலானவை வேனிற் காலத்தின் முற்பகுதியிலேயே பூத்து முடிந்துவிடும். சில மட்டும் ஆகஸ்டு முதல் நவம்பர் வரையில், ஏனைய செடிகள் ஓய்ந்த பின்னரே மலரும். ஆஸ்டர், செவ்வந்தி, அனிமோனி, டாலியா, கிரெங்கெஷோமா முதலியன இவ்வகையைச் சேர்ந்தவை.

இவை ஏன் காத்திருக்கின்றன? 1920ஆம் ஆண்டில் அமெரிக்க வேளாண்மைத் துறையைச் சேர்ந்த கார்னர், அல்லார்டு என்னும் அறிஞர் இருவர் இதற்கு விடை கண்டனர். புகையிலையையும் சோயா அவரையையும் கொண்டு ஆராய்ந்த அவர்கள், பல செடிகள் பூக்கும் காலத்தைப் பகலின் நீளமே முடிவு செய்கிறது என நிறுவினர். பிற்கால ஆய்வுகள், செடி உண்மையில் இடையறாத இருளின் நீளத்தையே அளக்கிறது எனத் தெளிவுபடுத்தின. இலண்டனில் ஜூன் மாதத்துப் பகற்பொழுது பதினாறு மணி நேரத்திற்கும் மிகுதி. டிசம்பரிலோ எட்டு மணி நேரத்தை எட்டுவதில்லை. செவ்வந்தி போன்ற செடிகள் இரவு நீளத் தொடங்கிய பின்னரே அரும்பு கட்டுகின்றன. எனவே, அவை பிந்திப் பூப்பது சோம்பலாலும் அன்று, குறையாலும் அன்று. உரிய குறிப்பு வரும் வரையில் அவை வேரையும் தண்டையும் வளர்த்துக்கொண்டிருக்கின்றன.

நம் நாடு நிலநடுக்கோட்டை அடுத்து இருப்பதால், இங்கு மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையிலான வேறுபாடு ஒரு மணி நேரத்திற்கும் குறைவு. கேமரன் மலையில் செவ்வந்தி பயிரிடுவோர் இரவில் விளக்கேற்றி வைப்பதன் காரணம் இதுவே. விளக்கொளியால் இருள் துண்டுபடுகிறது. செடி இன்னும் காலம் வரவில்லை என எண்ணி உயரமாக வளர்கிறது. போதிய உயரம் வந்ததும் விளக்கை அணைத்துவிடுகின்றனர், அரும்பு தோன்றுகிறது. இரவில் அம்மலைப் பாதையில் செல்வோர் காணும் ஒளிவெள்ளத்தின் பொருள் இதுவாகும்.

கல்லறை நடுவே ஒரு மலர்

இனி, வரலாற்றுக்கு வருவோம். இங்கிலாந்தின் இலையுதிர் காலத் தோட்டங்களை இன்று அழகு செய்யும் செடிகளுட் பல அந்நாட்டுக்கு உரியவை அல்ல. கடல் கடந்து வந்து குடியேறியவை.

1842ஆம் ஆண்டில் முதலாம் அபினிப் போர் முடிவுற்று நான்கிங் உடன்படிக்கை கையெழுத்தானது. தோல்வியுற்ற சீனா, ஷாங்காய் உள்ளிட்ட ஐந்து துறைமுகங்களை ஆங்கிலேய வணிகத்துக்குத் திறந்துவிட நேர்ந்தது. மறு ஆண்டிலேயே இலண்டன் தோட்டக்கலைச் சங்கம் இராபர்ட் பார்ச்சூன் என்னும் ஸ்காட்லாந்துத் தோட்டக்கலைஞரைச் சீனாவுக்கு அனுப்பியது. அழகிய செடிகளையும் பயன்தரும் செடிகளையும் திரட்டி வருவதே அவருக்கு இடப்பட்ட பணி.

பார்ச்சூன் ஷாங்காய் நகரின் மதிலோரமாக நடந்து சென்றபோது, அங்கிருந்த கல்லறை மேடுகளின் இடையே இளஞ்சிவப்பு மலர்கள் பூத்திருக்கக் கண்டார். அது நவம்பர் மாதம். ஏனைய மலர்கள் யாவும் வாடிப்போன பின்னர், இறந்தோர் துயிலும் இடத்தில் இம்மலர் மட்டும் மலர்ந்திருந்தது. அவர் அதனை இலண்டனுக்கு அனுப்பினார். 1848ஆம் ஆண்டளவில் சங்கத்தின் சிசிக் தோட்டத்தில் அதனை இமயமலைப் பகுதியைச் சேர்ந்த மற்றோர் அனிமோனியுடன் கலந்து புதிய கலப்பினம் உருவாக்கினர். 1858இல் பிரான்சு நாட்டின் வெர்டன் நகரிலுள்ள தோட்டம் ஒன்றில், இக்கலப்பினச் செடியில் வெண்ணிறப் பூ தோன்றியது. ‘ஒனோரின் ஜோபேர்’ என்று பெயரிடப்பட்ட அந்த வெண்மலர், நூற்றைம்பது ஆண்டுகள் கடந்தும் தோட்டங்களில் செழித்து நிற்கிறது. அமெரிக்காவின் பல்லாண்டுத் தாவரச் சங்கம் 2016ஆம் ஆண்டின் சிறந்த செடியாக அதனையே தேர்ந்தெடுத்தது. அம்மலர் தோன்றிய வெர்டன் நகரைச் சுற்றி 1916இல் பத்துத் திங்கள் பெரும்போர் நடந்தது. ஊர் இடிந்தது, ஊரார் தோட்டத்தில் தோன்றிய மலரோ வேற்றூர்த் தோட்டங்களில் வாழ்ந்தது.

இம்மலரை உலகம் ‘ஜப்பானிய அனிமோனி’ என்றே அழைக்கிறது. சுவீடன் நாட்டுத் தாவரவியலார் துன்பெர்க், ஒல்லாந்துக் கம்பெனியின் மருத்துவராக ஜப்பானில் பணியாற்றியபோது இதனைக் கண்டு, 1784இல் வெளியிட்ட தம் நூலில் ஜப்பானுக்குரிய செடியாகப் பதிவு செய்தார். உண்மையில் இது சீனாவில் தோன்றி, பன்னெடுங்காலத்துக்கு முன்னரே ஜப்பானுக்குக் கொண்டு செல்லப்பட்ட செடியாகும். எழுத்தில் முதலில் பதிந்த பெயரே நிலைத்துவிட்டது.

கண்ணாடிப் பெட்டி

பார்ச்சூனின் செடிகள் பல மாதக் கடற்பயணத்தைக் கடந்து உயிரோடு இலண்டனை அடைந்தது எவ்வாறு? அதற்கு முந்தைய காலத்தில் கப்பலேற்றிய செடிகளுட் பெரும்பாலானவை உப்புக் காற்றாலும் நன்னீர் இன்மையாலும் நடுக்கடலிலேயே மடிந்தன. இந்நிலையை மாற்றியவர் இலண்டன் மருத்துவர் நதானியேல் வார்டு ஆவார்.

1829இல் வார்டு ஓர் அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவை ஈர மண்ணோடு கண்ணாடிக் குப்பி ஒன்றினுள் இட்டு மூடி வைத்தார். புழு என்னவாயிற்று என்பதைவிட, குப்பியின் மண்ணில் தானாக முளைத்த பெரணிச் செடியும் புல்லுமே அவரது கருத்தைக் கவர்ந்தன. இலண்டன் மாநகரின் ஆலைப் புகையால் அவர் திறந்த வெளியில் வளர்த்த பெரணிகள் மாண்டுபோயிருந்தன. குப்பிக்குள் இருந்ததோ தழைத்தது. பகலில் மண்ணிலிருந்து எழும் ஈரம் கண்ணாடியில் படிந்து மீண்டும் மண்ணிலேயே விழுந்ததால், நீர் ஊற்றாமலேயே செடி வாழ்ந்தது. 1833இல் அவர் இவ்வகைப் பெட்டிகள் இரண்டைச் செடிகளோடு சிட்னி நகருக்குக் கப்பலில் அனுப்பினார். செடிகள் நலமே சென்று சேர்ந்தன. உலகத் தாவரங்களின் இடப்பெயர்ச்சி அன்று முதல் விரைவுற்றது.

பார்ச்சூன் இப்பெட்டிகளில் மலர்ச் செடிகளை அனுப்பினார். பின்னர், 1848 முதல் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஊழியராகச் சீனர் உடையணிந்து உள்நாட்டில் புகுந்து, தேயிலைச் செடிகளை இந்தியாவின் இமயமலைச் சாரலுக்கு அனுப்பியதும் இப்பெட்டிகளிலேதான். மலருக்கு வழி திறந்த பெட்டி வணிகப் பயிருக்கும் வழி திறந்தது.

1876இல் ஹென்றி விக்காம் என்பவர் பிரேசில் நாட்டிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை இலண்டனுக்கு அருகிலுள்ள கியூ தோட்டத்திற்குக் கொண்டு சேர்த்தார். அவற்றுள் முளைத்தவை ஏறக்குறைய 2,700 மட்டுமே. அவ்வாண்டிலேயே 1,900க்கும் மேற்பட்ட கன்றுகள் 38 வார்டு பெட்டிகளில் இலங்கைக்கு அனுப்பப்பட்டன. 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூரை அடைந்தன. அவற்றுட் சில பேராக் மாநிலத்தின் கோலகங்சாரில் நடப்பட்டன. அவ்வூரில் இன்றும் பாதுகாக்கப்படும் முதுமரத்தை நம் மாணவர் பலர் கல்விச் சுற்றுலாவில் கண்டிருக்கக் கூடும்.

அக்கன்றுகளும் உடனே பயன் தந்துவிடவில்லை. 1888இல் சிங்கப்பூர்ப் பூமலையின் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, மரத்துக்குக் கேடு விளையாமல் பட்டையைச் சீவிப் பாலெடுக்கும் முறையைச் செம்மைப்படுத்தினார். ரப்பர் நடுமாறு தோட்ட முதலாளிகளை ஓயாது வற்புறுத்தினார். அவரைப் பித்தர் என்று எள்ளியவர் பலர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் வண்டிகள் பெருகி ரப்பர் விலை ஏறிய பின்னரே அவர் சொல் எடுபட்டது. அதன்பின் காடுகள் அழிக்கப்பட்டன, தோட்டங்கள் தோன்றின, மரம் வெட்ட ஆள் வேண்டியதாயிற்று. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிய நம் முன்னோர் பினாங்குத் துறைமுகத்தில் வந்திறங்கினர்.

சீமாட்டியரின் தோட்டத்துக்கு இலையுதிர் கால மலரைக் கொண்டு சென்ற அதே கண்ணாடிப் பெட்டிதான், நம் முன்னோரை இம்மண்ணுக்கு அழைத்து வந்த பயிரையும் சுமந்து வந்தது. பெட்டிக்குள் இருந்த செடிக்கு உப்புக் காற்று படாமல் காவல் இருந்தது. கப்பலின் மேல்தளத்தில் வந்த மனிதருக்கு அத்தகைய காவல் ஏதும் இல்லை. ஒரு பூவின் வரலாற்றைக் கற்பிக்கும் ஆசிரியர் இதனையும் சேர்த்தே கற்பிக்க வேண்டும் என்பது என் துணிபு.

பெயரிடும் உரிமை

செடி இடம்பெயரும்போது அதன் பெயர் என்னாகிறது என்பதும் எண்ணிப் பார்க்கத்தக்கது. மொழி கற்பிக்கும் நமக்கு இஃது இன்றியமையாத வினா.

டாலியா மெக்சிகோ நாட்டு மலர். ஆஸ்தெக் மக்கள் அதற்குத் தம் மொழியில் பெயர்கள் வைத்திருந்தனர். 1789இல் மெக்சிகோவிலிருந்து அதன் விதைகள் ஸ்பெயின் நாட்டு மாட்ரிட் தோட்டத்துக்கு அனுப்பப்பட்டன. அங்குப் பூத்த செடிக்கு 1791இல் கவனில்யெஸ் என்னும் தாவரவியலார், ஆந்திரசு டால் என்ற சுவீடன் நாட்டு அறிஞரின் நினைவாகப் பெயர் சூட்டினார். டால் மெக்சிகோ மண்ணை மிதித்தவர் அல்லர். அப்பெயர் சூட்டப்படுவதற்கு முன்பே மறைந்துவிட்டவர். மெக்சிகோ அரசு 1963இல் இம்மலரைத் தேசிய மலராக அறிவித்தபோது, தன் மண்ணின் மலரை அயலார் பெயராலேயே அழைக்க வேண்டியிருந்தது.

இதற்கு மாறான கதை ஒன்றும் உண்டு. ஜப்பானிய மலைக்காடுகளில், மரநிழலில், கைவிரல் போலப் பிரிந்த இலைகளோடு வளரும் பல்லாண்டுச் செடி ஒன்று, வேனில் முடியும் வேளையில் மெழுகில் வார்த்தாற் போன்ற வெளிர்மஞ்சள் மணிப்பூக்களைத் தொங்கவிடும். அக்காலத்து ஜப்பானியத் தாவரவியலார் புதிய செடி எதனைக் கண்டாலும், அதனை உலர்த்தி உருசிய நாட்டு அறிஞர் மாக்சிமோவிச்சுக்கு அனுப்பி, அவர் தரும் பெயருக்காகக் காத்திருப்பது வழக்கம். ஒப்புநோக்கத் தேவையான உலர்தாவரத் தொகுப்பும் நூல்களும் தம் நாட்டில் போதிய அளவு இல்லாமையே அதற்குக் காரணம். தோக்கியோ பல்கலைக்கழகத்தின் முதல் தாவரவியற் பேராசிரியர் யாதாபே ரியோகிச்சி 1890இல் இவ்வழக்கத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தார். இனி ஜப்பானியச் செடிகளுக்கு ஜப்பானியரே பெயரிட்டு வெளியிடுவர் என்று, ஐரோப்பியத் தாவரவியலாருக்கு விடுத்த அறிக்கை ஒன்றில் அவர் தெரிவித்தார்.

அவ்வாண்டிலேயே, மேற்கூறிய மணிப்பூச் செடியைப் புதிய பேரினமாக அறிவித்து, ‘கிரெங்கெஷோமா’ என்று பெயர் சூட்டினார். ‘கி’ என்பது மஞ்சள்; ‘ரெங்கெ’ என்பது தாமரைப் பூ; ‘ஷோமா’ என்பது அந்நாட்டார் அறிந்த மூலிகை ஒன்றின் பெயர். உலக முழுவதும் வழங்கும் அறிவியற் பெயர், மலைநாட்டு மக்கள் மொழியிலேயே அமைந்தது. இன்று ஐரோப்பாவின் தோட்டக்காரர் எவரும் அச்செடியை விரும்பினால், நாவைச் சற்று வளைத்து அப்பெயரையே ஒலிக்க வேண்டும். யாதாபே தாவரவியலார் மட்டுமல்லர். 1882இல் வெளிவந்து ஜப்பானியப் புதுக்கவிதைக்கு வித்திட்ட தொகுப்பின் ஆசிரியர் மூவருள் ஒருவருமாவார் என்பது, எழுத்தாளர் சங்க ஏட்டில் நினைவுகூரத்தக்க செய்தி.

போற்றலும் பிழையும்

வட அமெரிக்காவில் ஆஸ்டர்கள் வழியோரத்திலும் வெற்று நிலத்திலும் தாமே வளர்பவை. இங்கிலாந்துக்குச் சென்றபின், செப்டம்பர் 29ஆம் நாள் கொண்டாடப்படும் மிக்கேல் அதிதூதர் திருநாளை ஒட்டிப் பூப்பதால் ‘மிக்கேல்மஸ் டெய்சி’ என்னும் பெயர் பெற்றன. நெடுங்காலம் அவை எளிய செடிகளாகவே கருதப்பட்டன. 1870இல் ‘காட்டுத் தோட்டம்’ என்னும் பொருள்படும் தலைப்பில் நூல் வெளியிட்ட வில்லியம் இராபின்சனும், அவருக்குப் பின் கெர்ட்ரூடு ஜீக்கில் அம்மையாரும், இத்தகைய வலிய பல்லாண்டுச் செடிகளின் பெருமையை எடுத்துரைத்தனர். தம் தோட்டத்தில் ஆஸ்டர்களுக்கெனத் தனிப் பாத்தியே ஒதுக்கியவர் ஜீக்கில் அம்மையார்.

மால்வன் மலையடியில், கோல்வால் என்னும் ஊரில், புளிக்காடி வணிகக் குடும்பத்தில் பிறந்த எர்னஸ்டு பல்லார்டு, 1906இல் நாற்றுப் பண்ணை தொடங்கி இம்மலர்களை மேம்படுத்தும் பணியில் ஈடுபட்டார். 1952இல் மறையும் வரையில் பெரிய பூக்களும் புதிய நிறங்களும் கொண்ட பல வகைகளை உருவாக்கினார். ஆயினும், பூவின் பருமனையும் நிறத்தையும் நாடிச் சென்ற அம்முயற்சியில் ஒரு குறை வெளிப்பட்டது. அவ்வினத்தின் பகட்டான வகைகள் பல சாம்பல் நோய்க்கு எளிதில் இரையாயின. தோட்டக்காரரிடையே அவற்றின் மதிப்புச் சரிந்தது. அதே வேளையில், சுவிட்சர்லாந்தில் பிரிக்கார்ட் என்பவர் ஐரோப்பிய ஆஸ்டர் ஒன்றையும் இமயமலை ஆஸ்டர் ஒன்றையும் கலந்து, ஐகர், மோன்க், யுங்பிரா எனத் தம் நாட்டு மலைச் சிகரங்களின் பெயரைச் சூட்டிய செடிகள் சாம்பல் நோய்க்குப் பணியாமல் நின்றன. பூவை மட்டும் நோக்கி வளர்த்தது தளர்ந்தது. செடியின் நலம் குன்றாதது நிலைத்தது. தேர்வுப் புள்ளியை மட்டும் நோக்கிப் பிள்ளைகளை வளர்ப்போர் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று.

முடிவாக

பின்வரிசை மாணவனின் வினாவுக்கு இன்று நான் தரும் விடை இது: அச்செடி பிந்திப் பூக்கவில்லை, தனக்குரிய காலத்தில்தான் பூக்கிறது. பிந்தியது என்று சொல்பவர்கள், முந்திப் பூத்தவற்றைக் கொண்டு காலத்தை அளந்தவர்கள்.

முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வகுப்பறையில் நின்ற நான், முந்திப் பூத்தவர்களையே மேடையேற்றிப் பரிசளித்திருக்கிறேன். ஆறாம் ஆண்டுத் தேர்வு முடிவுகள் வந்த நாளில், பள்ளி வாயிலில் பெயர் ஒட்டப்படாத பிள்ளைகளின் முகத்தை நான் உற்று நோக்கியதில்லை. அவர்களுள் ஒருவன் பல்லாண்டுகள் கழித்து, தன் மகளைச் சேர்ப்பதற்காக என் அறைக்கு வந்தான். இயந்திரம் பழுதுபார்க்கும் கலையில் தேர்ந்து, சொந்தமாகப் பட்டறை வைத்து, ஆறு இளைஞர்களுக்கு வேலை தந்திருந்தான். “என்னை நினைவிருக்கிறதா ஐயா?” என்று கேட்டான். எனக்கு நினைவில்லை. அதனை மறைக்க முயன்று, தோற்றுப் போனேன். அன்று எனக்கு நேர்ந்த வெட்கத்தை இக்கட்டுரையில் பதிவு செய்வது என் கடமை எனக் கருதுகிறேன்.

கல்லறை நடுவே கிடந்த மலரைக் கண்டெடுக்கப் பார்ச்சூன் ஒருவர் அந்தப் பக்கம் நடக்க வேண்டியிருந்தது. யாதாபே ஒருவர் துணிந்ததால் ஒரு மலைப்பூ தன் தாய்மொழிப் பெயரோடு உலகெங்கும் வாழ்கிறது. நம் பள்ளிகளின் பின்வரிசைகளில் காத்திருக்கும் பிள்ளைகளுக்கும் நடந்து சென்று பார்க்கும் கண்ணும், அவர்கள் மொழியிலேயே பெயர் சொல்லி அழைக்கும் நாவும் தேவைப்படுகின்றன. அவ்விரண்டையும் தரும் பொறுப்பு தமிழாசிரியருடையது.